எனக்கு முன்னால் வேலைக்கு வந்தவள்

பேய், பிசாசு, முனி, மோகினி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டவர்களில் பாதிப்பேர் பாதிக் கதையிலேயே என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டுக் காம்பராவில் இருந்த பெருமாள் மாமாவுக்கு ஒவ்வொரு திருவிழாவுக்கும் முனி வரும், வந்தால் சுருட்டு கேட்கும், சுருட்டைக் கொடுத்தால் சாராயம் கேட்கும். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு தடவை நான் முன்னால் போய் நின்று அந்த முனியிடம் ஆங்கிலத்தில் பெயர் கேட்டேன். முனி கொஞ்சநேரம் விழித்துப் பார்த்துவிட்டு, "இந்த வேதக்காரப் புள்ளைய யாராச்சும் கூட்டிட்டுப் போங்கடா" என்றது. அன்றோடு அந்தப் பயம் எனக்கு விட்டுப்போனது.

எனக்குப் பயமெல்லாம் மனிதர்களிடம்தான். தெரியாத ஆளிடம் ஒரு வார்த்தை கேட்பதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் எங்கள் இறக்கம் வந்தாலும் பெல் அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது அடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வந்த நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட எனக்கு ஹட்டனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சாப்பாடு ஓடுகிறது. தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் எங்கள் அப்பா அந்தச் செய்தியைக் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் நின்ற அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் என்னைப் பார்த்து, "என்னா ஆபிஸ் மிஸ், எப்ப போறீங்க?" என்று கேட்கத் தொடங்கினார்கள். திங்கட்கிழமை என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அந்தத் திங்கட்கிழமை மழை எப்படிப் பெய்தது என்று எங்கள் பக்கத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். புதுச் சேலை, இலைப் பச்சை நிறம், அம்மா எடுத்துத் தந்தது, அதைக் கட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினேன். எங்கள் லயத்து ஞானம்மா அத்தை ஹட்டனில் கண் காட்டப் போவதற்காக என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நோர்வூட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் பஸ் நின்றது. மேட்டிலிருந்து மண் சரிந்து ரோட்டை முழுக்க மூடியிருந்தது. முன்னாலும் போக வழியில்லை, பின்னால் வந்த வாகனங்களும் வரிசையாக நின்றுவிட்டன.

கொஞ்சநேரத்தில் அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் வந்து சேற்றின்மேல் பலகைகளைப் போட்டார்கள். பலகையில் நடந்து அந்தப் பக்கம் போய்விட்டால் ஹட்டனுக்கு வேன் நிற்கிறது என்றார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். நானும் இறங்கினேன். ஒரு காலைப் பலகையில் வைத்தேன். பலகை ஆடியது. கீழே பள்ளம், பள்ளத்துக்குக் கீழே ஓயா ஆறு சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது. பின்னால் நின்ற ஆள், "போங்க தங்கச்சி, போங்க" என்று அவசரப்படுத்தினார். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. காலை எடுத்துவிட்டேன். ஒதுங்கி நின்று மற்றவர்களுக்கு வழி விட்டேன். ஞானம்மா அத்தை யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பலகையில் போவது தெரிந்தது, அதற்குள் மிஸ்ட் வந்து பனிமூட்டமாக மூடிவிட்டது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. கடைசியில் திரும்பிப்போகிற ஒரு லொறியில் மற்றப் பெண்களோடு ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அலுவலகத்துக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லலாம் என்றால் டவர் விழுந்து தோட்டம் முழுக்க சிக்னல் இல்லை. அப்பா வந்து விஷயம் கேட்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மொத நாளே போகலன்னா வேற ஆள எடுத்துடுவாங்கம்மா. பெரட்டுல நான் என்னாத்த சொல்றது?" என்றார். அம்மா மாவை எடுத்து வைத்து என்னை ரொட்டிக்குப் பிசையச் சொன்னார். அன்று பின்னேரம் முழுக்க நான் அடுப்படியில்தான் இருந்தேன். என் சேலை அடுப்புக்கு மேலே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. இதற்கு அம்மா சாட்சி, அப்பா சாட்சி, ரொட்டி கல்லுமாதிரி இருந்தது என்று இன்றைக்கும் சொல்லும் என் தம்பியும் சாட்சி. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

மறுநாள் மண்ணைத் தள்ளி ஒரு பக்கம் வழி விட்டிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போதே மன்னிப்புக் கேட்பதற்கு மூன்று மொழியிலும் பேச்சுத் தயாரித்துக்கொண்டு போனேன். சிங்களத்தில் மட்டும் கொஞ்சம் இடித்தது, 'மண் சரிந்தது' என்று சொல்லப்போய் 'நான் சரிந்தேன்' என்று வந்தது.

அலுவலகம் ஹட்டன் டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில். படியேறிப் போனால் கண்ணாடிக் கதவில் காவலுக்கு நிற்கும் முத்தையா அண்ணன் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

"வாங்க மிஸ். இன்னைக்கி ரோடு பரவால்லையா?"

"அண்ணே, நான் இங்க புதுசா வேலைக்கி..."

"எனக்குத் தெரியாதா? நேத்து சேறும் சகதியுமா வந்து நின்னீங்களே, நான்தானே கால் கழுவ தண்ணி ஊத்துனேன். வெரல வச்சிட்டு உள்ள போங்க, சேர் வந்துட்டாரு."

என்னோடு இன்னொரு புதுப் பெண்ணையும் எடுத்திருக்கிறார்கள், ஆள் மாறிப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். சுவரில் பெருவிரல் வைக்கிற மெஷின் இருந்தது. என் விரல் அதில் இன்னும் பதியவில்லை என்று விளக்கிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. மெஷினே கத்திக் காட்டிக்கொடுக்கட்டும் என்று விரலை வைத்தேன். பச்சை வெளிச்சம் வந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், "தேங்க் யூ" என்றது. சின்னத் திரையில் என் பெயர், அனிட்டா, எழுத்துப் பிழைகூட இல்லாமல். நம்பினால் நம்புங்கள், அந்த மெஷின் பொம்பளையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"அனிட்டா! வந்துட்டீங்களா? வாங்க, வாங்க!" என்று உள்ளேயிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். அக்கரப்பத்தனைக்காரர், நல்ல பருமன், சிரித்தால் மேசையே ஆடும். அவர்தான் சரோஜா அக்கா, அந்தக் கிளையில் மூத்தவர். இப்போது அப்படித் தெரியும், அப்போது யாரென்றே தெரியாது. அவருக்கு என்னை நன்றாகத் தெரிந்திருந்தது.

"நேத்து பாதியில விட்டுட்டீங்களே, அந்த ஃபாதர கோழி தொரத்துன கதை. சேர் வர்றதுக்குள்ள முடிங்க. எனக்கு ராத்திரியெல்லாம் சிரிப்பு."

அந்தக் கோழிக் கதை எங்கள் கோயிலில் உண்மையாகவே நடந்தது. பார்த்தது நானும் கோழியும்தான். ஃபாதருக்கு மரியாதை வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போதுதான் எனக்கு உள்ளங்கால் கூசியது. நேராக முகாமையாளரின் அறைக்குப் போய்விட்டேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், வேலை போனாலும் போகட்டும். முகாமையாளர் சிங்களவர், கண்டிக்காரர், தமிழில் பேசினால்தான் நமக்குச் சந்தோஷம் என்று கஷ்டப்பட்டுத் தமிழில்தான் பேசுவார்.

"சேர், நேத்து என்னால..."

"நேத்து மிஸ் நல்லா நனைஞ்சி வந்தது," என்றார். "ரோடு இல்ல, பஸ் இல்ல, ஆனா மிஸ் வந்தது. நான் மேலிடத்துக்கு கோல் எடுத்து சொன்னது, இது மாதிரி ஆள்தான் நமக்கு வேணும் சொல்லி. இன்னைக்கு காஞ்சி வந்தது. நல்லம். போய் வேல பாருங்க."

இப்போது நீங்களே சொல்லுங்கள், இதற்குமேல் என்ன சொல்ல முடியும்? 'சேர், நேற்று நான் வரவில்லை, வந்தது யாரோ' என்றால், ஒன்று எனக்குப் பைத்தியம் என்பார், இல்லையென்றால் வராததற்குத் தண்டனை தருவார். வராமலே வந்ததாகப் பொய் சொல்பவர்களை உலகம் கண்டிருக்கிறது, வரவில்லை என்று சொல்லி வேலையை இழந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெரட்டில் நிற்கும் அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு வந்தது எரிச்சல். புது இடத்துக்கு வருகிறவளுக்கு முதல்நாள் என்று ஒன்று இருக்கிறது. இதுதான் உன் மேசை, இதுதான் தண்ணீர், இங்கே கோப்பு, இவர் இன்னார் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். ஒன்றும் தெரியாமல் விழிப்பதற்கு அந்த ஒரு நாள்தான் நமக்கு உரிமை. என்னுடைய அந்த நாளை எவளோ ஒருத்தி வந்து முடித்துவிட்டுப் போய்விட்டாள். நான் நேராக இரண்டாம் நாளுக்குள் வந்து விழுந்திருக்கிறேன்.

மேசை எது என்றே தெரியாது. எல்லோரும் உட்காரும்வரை கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று கைப்பையில் எதையோ தேடுவதுபோல நடித்து, மிஞ்சிய கதிரையில் போய் உட்கார்ந்தேன். கொம்பியூட்டர் பாஸ்வேர்ட் கேட்டது. சரோஜா அக்கா எட்டிப் பார்த்து, "நேத்து நீங்களே போட்டதுதானே, மறந்துட்டீங்களா?" என்றார். "இல்லக்கா, ஞாபகம் இருக்கு" என்றேன். அம்மா பெயரைப் போட்டேன், திறக்கவில்லை. பிறந்த ஊரைப் போட்டேன், திறக்கவில்லை. இன்னொரு தடவை தவறினால் பூட்டிக்கொள்ளும் என்று எழுத்து வந்தது. எங்கள் வீட்டில் ஒரு கிழட்டுப் பூனை இருந்தது, யாரையும் பக்கத்தில் விடாது, எல்லோரையும் முறைக்கும். அதற்கு நான் மனதுக்குள், மடத்துத் தலைமைக் கன்னியாஸ்திரியை நினைத்து, 'மதர் சுப்பீரியர்' என்று பெயர் வைத்திருந்தேன். வாய்விட்டுக் கூப்பிட்டது கிடையாது, அம்மாவுக்குத் தெரிந்தால் அடி விழும். அதைத் தட்டினேன். திறந்துகொண்டது. இப்போது மாற்றிவிட்டேன், யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

பத்து மணிபோல சரோஜா அக்கா ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு கோப்பை பிளேன்டீ ஊற்றித் தந்தார். வாயில் வைத்தால் சீனியே இல்லை. எங்கள் வீட்டில் நான் தேநீர் குடிப்பதில்லை, தேநீர் ஊற்றிய சீனி குடிக்கிறேன் என்று சொல்வார்கள்.

"சீனி நஞ்சுன்னு நேத்து நீங்க குடுத்த லெக்சர்ல நானே விட்டுட்டேங்க," என்றார் அக்கா.

அன்று தொடங்கி அந்த அலுவலகத்தில் சீனியில்லாத தேநீர்தான் குடிக்கிறேன். வேறு வழி?

அதைவிடப் பெரிய சோதனை அதற்குப் பிறகு வந்தது. கழிவறை எங்கே என்று எனக்குத் தெரியாது. நேற்று முழுநாள் இருந்துவிட்டுப் போனவள் இன்று போய்க் கழிவறை எங்கே என்று எப்படிக் கேட்பாள்? அதுவும் நான்? மத்தியானம்வரை தாக்குப்பிடித்தேன். பிறகு எழுந்து, தெரிந்த இடத்துக்குப் போகிறவள்போல நிமிர்ந்து நடந்து, முதல் கதவைத் திறந்தேன். பழைய கோப்புகளும் ஒரு துடைப்பமும் இருந்தன. மூடிவிட்டு அடுத்த கதவைத் திறந்தேன். முகாமையாளர் சோற்றுப் பார்சலை விரித்து வைத்து ஒரு கவளத்தை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"என்ன மிஸ்?"

"ஒன்னும் இல்ல சேர். சும்மா... சாப்பிடுறீங்களான்னு பார்த்தேன்."

"சாப்பிடுறது," என்றார் அவர், சந்தேகத்தோடு.

அன்றிலிருந்து அவர் கதவைப் பூட்டிவிட்டுத்தான் சாப்பிடுகிறார். கடைசியில் சரோஜா அக்காவே எழுந்து, "வாங்க, நானும் அங்கிட்டுத்தான் போறேன்" என்று என் கையைப் பிடித்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த கதவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நிமிஷம் அவர் எனக்குத் தெய்வம்.

சாப்பாட்டுக்குப் பிறகு படியில் யாரோ கனமாக ஏறி வரும் சத்தம் கேட்டது. பணம் வாங்குகிற இடத்தில் இருந்த பையன் எழுந்து உள்ளே போய்விட்டான். சரோஜா அக்கா என் பக்கம் குனிந்து, "வர்றான் பாருங்க உங்க ஆளு" என்றார். நுவரெலியாப் பக்கத்திலிருந்து மரக்கறி ஏற்றும் லொறி முதலாளி ஒருவர், சிங்களவர், நெஞ்சுவரை தாடி, தோளில் ஒரு மூட்டை. பிறகு அக்கா சொல்லித்தான் தெரியும், அந்த மனிதர் வந்தால் கண்ணாடிகள் அதிருமாம், லொறி அடிபட்ட விவகாரத்தில் மாதக்கணக்காக எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தவராம். நேற்று அவர் கத்தத் தொடங்கியதும் நான் எழுந்து நின்று, சுத்தமான சிங்களத்தில், அவர் பெற்ற தாய்கூடப் பேசாத பேச்சுப் பேசி உட்காரவைத்தேனாம். எனக்குச் சிங்களத்தில் கடைக்குப்போய்ப் பருப்பு கேட்க வரும். அவ்வளவுதான்.

மூட்டையை என் மேசையில் வைத்தார். உள்ளே லீக்ஸ், அப்போதுதான் பிடுங்கிய ஈரத்தோடு.

"நங்கி," என்று தங்கையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். நேற்றுச் சத்தம் போட்டது தன் தவறுதான் என்றார். வீட்டிலும் சொன்னேன், மனைவி உங்களைக் கும்பிடச் சொன்னாள் என்றார். நான் கதிரையோடு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டு, "ஹரி, ஹரி" என்றேன். சரி, சரி என்பதற்கு எனக்குத் தெரிந்த சிங்களம் அது.

"அப்படியென்றால் நீங்கள் சொன்னமாதிரியே செய்துவிடட்டுமா?" என்று கேட்டார்.

எதைச் சொன்னேன், எப்போது சொன்னேன்? சுற்றிலும் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

"ஹரி," என்றேன்.

பெரிய பாரம் இறங்கியதுபோல மூச்சு விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். அடுத்த வாரம் அவர் வந்தபோது தாடி இல்லை, முகம் முட்டைபோல வழவழவென்று இருந்தது. நான் சொன்னது அதுதானா, அல்லது அது அவர் சொந்த விருப்பமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை தெரியாது.

பின்னேரம் கூட்டம் குறைந்த நேரத்தில் சரோஜா அக்கா தன் போனை என் முன்னால் நீட்டி, "நேத்து எடுத்தோமே, பார்த்தீங்களா?" என்றார். அதுவரைக்கும் எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. யாரோ ஒரு கெட்டிக்காரி என் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள், ஏதோ திருட்டு வேலை, மெஷினில் கோளாறு என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று. போனில் அக்காவின் கன்னம் பாதிப் படத்தை மறைத்திருந்தது. மற்றப் பாதியில் நான் இருந்தேன். என் பச்சைச் சேலை, ஓரத்தில் சேறு. எனக்கு ஒரு தெத்துப்பல் உண்டு, அதனால் படம் எடுக்கும்போது நான் வாயைத் திறப்பதே இல்லை, ஞானஸ்நானப் படத்திலிருந்து அடையாள அட்டைவரை எல்லாவற்றிலும் உதட்டை இறுக்கித்தான் இருப்பேன். அந்தப் படத்தில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தேன், தெத்துப்பல் பளிச்சென்று தெரிந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாகத்தான் இருந்தது.

"நல்லாருக்கு அக்கா," என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

லீக்ஸ் மூட்டையைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் ஏறினால், ஞானம்மா அத்தை முன் சீட்டில் இருந்தார். முதல்நாள் ஹட்டனிலேயே மகள் வீட்டில் தங்கிவிட்டு அப்போதுதான் திரும்புகிறார். கண்ணுக்கு மருந்து போட்டு ஒரு பக்கம் கட்டியிருந்தது. பக்கத்தில் இடம் விட்டு என்னை உட்காரவைத்தார்.

"ஏம்மா, நேத்து நீ இல்லன்னா நான் அந்தப் பலகையில கால வச்சிருக்கவே மாட்டேன்," என்றார். "என்னா தைரியம் ஒனக்கு! சின்ன வயசுல ஆட்டுக்குட்டிய கண்டாலே அழுவியே."

"அத்தை, நான் திரும்பி வீட்டுக்குப் போயிட்டேன்."

"போடி. என் கையைப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போனது யாரு? வேன்ல எனக்கு எடம் புடிச்சிக் குடுத்தது யாரு? டிரைவரோட சண்டை போட்டுப் பாட்ட நிப்பாட்டச் சொன்னது யாரு?"

"அது வேற யாராச்சும் இருக்கும். உங்களுக்குக் கண்ணு தெரியாதுல்ல."

"கண்ணுதான் தெரியாது. கை தெரியாதா? ஒன் கைய பொறந்த அன்னைக்கே புடிச்சவ நானு," என்று சொல்லி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்து, "இதே கைதான். நேத்து கொஞ்சம் சூடா இருந்துச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு லீக்ஸைப் பிரித்து அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைத்தார். அப்பா யோசித்து யோசித்துக் கடைசியில், "வேல போகலல்ல? அது போதும். இனிமே லேட்டானா அவளையே அனுப்பு" என்றார். தம்பி, வேலைக்குப் போனவள் வந்து ரொட்டி சுட்டிருக்கலாம் என்றான். எங்கள் வீட்டில் இவ்வளவுதான் ஆராய்ச்சி.

நான் அந்த வேலையில் தங்கிவிட்டேன். முதல் மாதங்கள் சும்மா கழியவில்லை. அவள் ஒரே நாளில் வாங்கிவைத்துவிட்டுப் போன பெயரைக் காப்பாற்ற நான் வருடக்கணக்காகப் பாடுபட்டேன். சிங்களம் படித்தேன். கத்துகிற வாடிக்கையாளர்களை எனக்கே அனுப்புவார்கள், முதலில் 'ஹரி, ஹரி' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன், பிறகு பழகிவிட்டது. பஸ்ஸில் பெல் அடிக்கிறேன். ஆனால் அவளைப்போல ஒரு தடவைகூட என்னால் பேச முடிந்ததில்லை, அது எனக்குத் தெரியும்.

போன வருடம் சரோஜா அக்காவுக்கு நுவரெலியாக் கிளைக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள், கேக் எல்லாம் வெட்டி முடித்து, பஸ் ஸ்டேண்டுவரை நான்தான் பைகளைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் வருவதற்குள் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அனிட்டா, இத்தன நாளா கேக்காம வச்சிருந்தேன். தப்பா நெனச்சிக்காத. நீ வந்த மொத நாளு சாயங்காலம், நான் கெளம்புறப்ப நீ கதிரையில இருந்துகிட்டே என்ன கூப்புட்ட. 'அக்கா, நாளைக்கி வர்றவ கொஞ்சம் பயந்த புள்ள, ஒன்னும் வாயத் தொறந்து கேக்க மாட்டா, நீங்களா பார்த்து செஞ்சி குடுங்க'ன்னு சொன்ன. நான் ஏதோ தமாஷுன்னு நெனச்சேன். அப்ப நீங்க எங்க போறீங்கன்னு சிரிச்சிக்கிட்டே கேட்டேன்."

"என்னா சொன்னேன்?"

"'எனக்குக் கொழும்புல இதவிட நல்ல வேல கெடச்சிருக்கு அக்கா'ன்ன."

பஸ் வந்துவிட்டது. அக்கா ஏறிப் போய்விட்டார். நான் பஸ் ஸ்டேண்டிலேயே நின்றேன், எனக்குச் சிரிப்பும் வந்தது, முதுகில் என்னவோ ஊர்வதுபோலவும் இருந்தது. நான் கொழும்புக்கே போனதில்லை. அதற்குப் பிறகு பயிற்சிக்கு என்று கூப்பிட்டபோதும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் நினைப்பது புரிகிறது. சரோஜா அக்கா விளையாட்டுக்காரர், போகிற நேரத்தில் என்னைப் பயமுறுத்திவிட்டுப் போயிருக்கலாம். நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன், போன மாதம்வரை.

போன மாதம் எங்கள் கிளைக்குக் கணக்காய்வு செய்ய வெளியிலிருந்து ஒருவர் வந்தார். கொழும்பில் ஏதோ பெரிய கம்பனி, நடுத்தர வயது, கண்ணாடி, கழுத்துப்பட்டி, எங்கள் முகாமையாளரே அவர் முன்னால் கை கட்டி நின்றார். அவர் கதிரையில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் கோப்புகளோடு உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் அந்த மனிதர் பதறிக்கொண்டு எழுந்து நின்றார். தேநீர் சட்டையில் சிந்தியது. ஆங்கிலத்தில், "மேடம், நீங்கள் வருவதாக எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார்.

முகாமையாளர் என்னைப் பார்த்தார். நான் கோப்புகளைப் பார்த்தேன். அந்த மனிதர் என் முகத்தை, என் செருப்பை, கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையை, திரும்பவும் என் முகத்தை என்று மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மன்னிக்கவும், ஆள் மாறிவிட்டது" என்று மெதுவாகச் சொல்லி உட்கார்ந்தார்.

யாரென்று நினைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை வேலை முடித்துப் புறப்படும்வரை அவர் என் முன்னால் ஒரு தடவைகூடக் கால்மேல் கால் போட்டு உட்காரவில்லை.